மூலை மடிப்பு

அப்பா செத்தபோது அறையில் இருந்தவர்கள்: பக்கத்துக் கட்டிலில் கிடந்த பழைய பஸ் டிரைவர், தண்ணீர் ஜாடியை மாற்ற வந்த ஆயா, சத்தம் நிறுத்திய தொலைக்காட்சியில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த ஒரு செய்தி வாசிப்பாளன். இல்லாதவர்கள்: மகன், அவன் தன் கடை வாசலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான், மனைவி, அவள் அதே கட்டிடத்தில், இரண்டு கதவு தள்ளி, பெண்கள் பகுதியில் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள், மகள், அவள் நகரத்தின் மறுகோடியில் ஒரு ஓட்டலில், யாரோ காலி செய்துவிட்டுப் போன அறையின் குளியல் தொட்டிக்குள் குனிந்து தலைமுடி கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடி கிடந்தது. அதை இரண்டு விரலால் எடுத்துத் துப்புரவுப் பெண்ணிடம் காட்டியபோதுதான் போன் வந்தது.

சீருடையை மாற்றாமலே வந்துவிட்டாள். சாம்பல் நிறக் கோட்டு, நெஞ்சில் ஓட்டல் சின்னம். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அப்பாவின் வாய் திறந்திருந்தது. கழுத்து வரை வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க மேடம். துடைச்சு உடுப்பு மாத்திட்டுக் கூப்பிடறோம்" என்றாள் நர்ஸ்.

"நான் இங்கயே இருக்கேன்."

"பாக்கக் கஷ்டமா இருக்கும்."

"தினமும் ஊர்ல போறவன் வர்றவன் அழுக்கைத்தான் பாக்குறேன். எங்கப்பாவைப் பாக்க மாட்டேனா?"

நர்ஸ் ஆயாவைப் பார்த்தாள். ஆயா ஜன்னலைப் பார்த்தாள்.

இந்த இல்லத்தைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். அப்பா இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நடக்கப் பழக்க ஒரு இடம் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு ஏற்கெனவே ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. அப்பா இல்லாமல் அவளை வீட்டில் விட முடியாது. ஆக இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழ் சேர்க்கிற இடம். தம்பி கையை விரித்துவிட்டான். "உனக்குத்தான் இந்த மாதிரி இடமெல்லாம் பாக்கத் தெரியும். நீ சொன்னா சரி."

அவளுக்குத் தெரியும்தான். ஓட்டலில் துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளராக அவள் தலை நரைத்திருந்தது. சாப்பாட்டு வேளையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் விரல் ஓட்டினாள். தலையணையைத் திருப்பி முகர்ந்தாள். கழிப்பறைக் குழாயின் பின்பக்கத்தைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மற்ற இல்லங்களில் மூத்திர வாடை வாசலுக்கு வந்து வரவேற்றது. இங்கே லாவண்டர். பெண்கள் பகுதிக் கதவில் வெளித்தாழ்ப்பாள் இருந்தது. "மறதிக்காரங்க, தெருவுக்குப் போயிடுவாங்க" என்றாள் பெரிய நர்ஸ். மகள் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி போல நகர்ந்தது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அதற்கும் மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டாள். எத்தனை நோயாளிக்கு எத்தனை ஆள் என்று மட்டும் கேட்கவில்லை. ஓட்டலில் அது மேலிடத்தின் கவலை.

அப்பா அவளை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார். சேர்த்த முதல் நாள் ஆயாவிடம், "ஜாக்கிரதைம்மா. இவ பொறந்தப்ப டாக்டர் கையைத் திருப்பி நகத்தைப் பாத்தவ" என்றார். லிப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். ஆள் நகரவில்லை என்றாலும் வாய் மாடி மாடியாக ஏறி இறங்கும்.

"சரி, நீங்க ஒரு பக்கம் பிடிங்க. விரிப்பை எடுத்துடலாம்" என்றாள் மகள்.

கால்பக்க மூலையை இழுத்தாள். வரவில்லை. மெத்தைக்கு அடியில் கையை விட்டு, முழங்கையை ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது. மூலையில் தபால் உறை ஒட்டினது போன்ற சாய்வு மடிப்பு. அதைப் பிரிக்கும்போதே அவள் கை மெதுவானது. அது அவளுடைய மடிப்பு.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தபோது விரிப்புகள் தளர்ந்து தொங்குவதைப் பார்த்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை. ஆயாக்களைக் கூப்பிட்டு அப்பாவின் கட்டிலிலேயே செய்து காட்டினாள். ஓரத்தைத் தூக்கு, சாய்த்துப் பிடி, கீழே தொங்குவதைச் சொருகு, மேலே இருப்பதை இறக்கி இழு. "இழுத்து விட்டப்புறம் மேல காசு போட்டா துள்ளணும்" என்றாள். அவர்கள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். பெரிய நர்ஸுக்குப் பிடித்துப்போய் மாடி முழுவதும் அப்படியே விரிக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த வாரங்களில் கட்டில்கள் தபால் உறைகளைப் போல வரிசையாகக் கிடந்தன. அவள் ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டு நடந்தாள். அவ்வளவுதான் செய்வாள். அவள் தொழிலில் விரித்து முடித்த படுக்கையை யாரும் கலைத்துப் பார்ப்பதில்லை. கலைத்தால் மறுபடி விரிக்க ஒரு ஆள் வேண்டும்.

"என் காலைக் கட்டிப் போடறாங்க" என்று அப்பா ஒரு தடவை சொன்னார்.

அவள் குனிந்து கட்டிலின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கயிறு இல்லை, பட்டை இல்லை. "யாரும் கட்டலப்பா. கனவு கண்டிருப்பீங்க."

"இன்ஸ்பெக்டர் சொன்னா சரி" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் பாதங்கள் இரண்டும் முன்பக்கமாக அமுங்கி, கட்டைவிரல்கள் மெத்தையைத் தொட்டுக்கொண்டிருந்தன. விரிப்பை எடுத்த பிறகும் அவை நிமிரவில்லை. குதிகால்களில் காலுறை ஒட்டியிருந்தது. நர்ஸ் தடுப்பதற்குள் அவள் ஒன்றை உருட்டிக் கழற்றினாள். குதிகாலில் தோல் இல்லை. கறுப்பாக ஒரு குழி, அழுகின பழத்தில் விரலை விட்டு எடுத்தது போல. ஆயாவும் நர்ஸும் சேர்ந்து உடலைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். இடுப்புக்குக் கீழே கட்டியிருந்த துணி ஊறி மஞ்சளாகியிருந்தது. வாடை அப்போதுதான் எழுந்தது. உடனே ஆயா, பழக்கத்தில், லாவண்டரை எடுத்து இரண்டு தடவை அடித்தாள்.

ஓட்டலில் புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு அவள் முதல் நாளே சொல்லித்தருவது இதுதான்: அறையில் வாசனை தூக்கலா அடிச்சா எதையோ மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம், தேடு. போன ஞாயிறு இந்த அறையில் வாசனை தூக்கலாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனாள்.

"சுகர் உடம்பு மேடம். புண்ணு வந்தா ஆறாது. மூணு நாளா காய்ச்சல் வேற" என்றாள் நர்ஸ்.

"யாராவது திருப்பிப் படுக்க வச்சீங்களா?"

"வைப்போம் மேடம். ஆள் இருக்கும்போது."

அவர்கள் துடைத்தார்கள். அவளும் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாள். விரல் இடுக்குகள், காதுக்குப் பின்புறம், கழுத்து மடிப்பு. வேலை தெரிந்த கை, எங்கேயும் நிற்கவில்லை. சுத்தமான சட்டை போட்டார்கள். நர்ஸ் புது விரிப்பை உதறியபோது, "சொருக வேணாம். சும்மா போத்துங்க" என்றாள் மகள்.

அவர்கள் வாளியோடு வெளியே போனதும் பஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"பாத்துட்டியாம்மா."

"பாத்துட்டேன்."

"நானும் உங்கப்பாவும் லக்கேஜ் மாதிரி கிடந்தோம். அட்ரஸ் ஒட்டினா கொண்டுபோய்ச் சேத்துடுவாங்க. ஞாயித்துக்கிழமை காலைல விரிப்பைக் கூடுதலா இறுக்குவாங்க. இன்னிக்கு இன்ஸ்பெக்டர் வர்ற நாள்னு உங்கப்பா சொல்லுவாரு."

அவள் அப்பாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கால்ல தெம்பு இருக்கு. கிளட்ச் மிதிச்ச காலு. உதைச்சு உதைச்சு அவுத்துக்குவேன். அவரால முடியல. என்னை உதைக்கச் சொல்லுவாரு. நான் என் கட்டிலைத்தான உதைக்க முடியும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல? வாராவாரம் வந்தேனே."

"சொன்னா நீ நாலு சத்தம் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவ. நான் இங்கதான கிடக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரும் சொல்ல வேணாம்னுட்டாரு. பொண்ணு கத்துக்குடுத்த வேலை, நல்லா செய்யறாங்கன்னு அவளுக்கு ஒரு சந்தோஷம், விடுப்பான்னாரு" என்றார்.

தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பாளன் காகிதங்களைத் தட்டி அடுக்கினான். அவள் எழுந்து போய் டிரைவரின் கட்டிலில் இரண்டு கால்பக்க மூலைகளையும் உருவி விட்டாள். விரிப்புக்குள் அவருடைய பாதங்கள் மெல்ல நிமிர்ந்தன.

"மறுபடி சொருகுவாங்க" என்றார் அவர். "பரவால்ல. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அப்பாவின் கட்டில் தலைமாட்டில், நடக்கப் பழக வாங்கின வாக்கர் நின்றது. வாராவாரம் அதையும் பார்த்திருக்கிறாள். தூசி இருக்காது, பளபளவென்று இருக்கும். இப்போது தூக்கித் தலைகீழாகப் பிடித்தாள். நாலு ரப்பர் கால்களும் கடையில் இருந்து வந்தபடியே இருந்தன. ஒரு கீறல் கிடையாது.

தம்பி வந்து சேர்ந்தான். சட்டையில் அட்டைப் பெட்டித் தூசி. அப்பாவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதான். மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குச் சொன்னான். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தான். பெரிய நர்ஸின் அறையில் டாக்டரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது அக்கா ஆரம்பித்தாள்.

"அப்பா காலைப் பாத்தியா?"

"அக்கா, இப்ப வேணாம். முதல்ல ஆக வேண்டியதைப் பாப்போம்."

"பாத்தியா இல்லியா?"

பெரிய நர்ஸ் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து நிதானமாகப் பேசினாள். "புண்ணு வந்ததும் குடும்பத்துக்குத் தகவல் சொல்லிட்டோம் மேடம். மறைக்கல."

"எனக்கு யாரும் சொல்லல."

பெரிய நர்ஸ் தம்பியைப் பார்த்தாள். தம்பி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது அடிக்கவில்லை.

"சின்னப் புண்ணுன்னாங்க" என்றான் கடைசியில். "மருந்து போடறோம்னாங்க. உங்கிட்ட சொன்னா நீ இங்க வந்து ஆடுவ. அப்புறம் இவங்க அம்மாவைச் சரியா பாக்க மாட்டாங்க. நான் என்ன டாக்டரா?"

"நடைப் பயிற்சி?"

"பிசியோ சார் வேற இடம் போயிட்டாரு மேடம். புது ஆள் தேடிட்டிருக்கோம்" என்றாள் பெரிய நர்ஸ். அவளும் களைத்துத்தான் இருந்தாள். கண்ணுக்குக் கீழே பை கட்டியிருந்தது. "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. வாராவாரம் நீங்க வந்து பாத்தீங்க. எல்லாம் நல்லாருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. உங்க பேச்சைக் கேட்டு உங்க ஓட்டல் சமையல்காரர் அவங்க மாமியாரைக் கூட இங்க கொண்டாந்து சேத்திருக்காரு."

மேசைக் கண்ணாடியில் ஒரு டம்ளர் வட்டம் இருந்தது. அக்கா அதைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

அறைக்கு வெளியே நடைக்கு வந்ததும் தம்பி குரலைத் தணித்தான்.

"அம்மா இங்கேயே இருக்கட்டும்க்கா. கோபத்துல எதுவும் பண்ணிடாத. அம்மாதான் நடக்கிறாங்களே, அவங்களுக்குப் புண்ணு வராது. என் வீட்ல ரெண்டு ரூமு, மாமனாரும் இருக்காரு. நீ காலைல போனா சாயங்காலம் வர்ற ஆளு. யாரு பாப்பா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா? ஒரு நாள் ரெண்டு நாள் கதையா இது?"

"நான்தான கொண்டாந்து விட்டேன்" என்றாள் அவள். "நானே கூட்டிட்டுப் போறேன்."

பெண்கள் பகுதியின் கதவை ஆயா திறந்துவிட்டாள். தாழ்ப்பாள் சத்தமில்லாமல் நகர்ந்தது. உள்ளே கட்டில்கள் எல்லாம் உறை ஒட்டியது போல இருந்தன. அம்மா ஜன்னலோர நாற்காலியில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சாம்பல் கோட்டைப் பார்த்ததும் மரியாதையாக நிமிர்ந்தாள்.

"ரூம் சுத்தமாத்தான் இருக்கு. ஒண்ணும் வேணாம். நீங்க போங்க."

"அம்மா, நான்தான்."

"தெரியுது தெரியுது" என்றாள் அம்மா, தெரியாதவர்களிடம் சொல்கிற மாதிரி.

அவள் தரையில் மண்டியிட்டு அம்மாவின் காலுறைகளைக் கழற்றினாள். ஒவ்வொரு குதிகாலையும் உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். லேசான சிவப்பு. தோல் முழுசாக இருந்தது. பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"செருப்புக்கு அளவு எடுக்கிறீங்களா?" என்று அம்மா கேட்டாள். "எனக்கு வேணாம். அவருக்கு எடுங்க. அவருதான் ஏறி இறங்கறவரு."

"அப்பா போயிட்டாரும்மா."

"வேலைக்கா?"

அவள் காலுறையை மாட்டிவிட்டாள்.

"எங்கயாவது லிப்ட் நின்னிருக்கும்" என்றாள் அம்மா. "ஆள் உள்ள மாட்டிக்கிட்டா அவரு முதல்ல கதவைத் தட்டிப் பேச்சுக் குடுப்பாரு. பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கிறேன்னு. அப்புறம்தான் டூல்ஸை எடுப்பாரு. அதனாலதான் லேட்டாகும்."

வாசல் வரை பெரிய நர்ஸ் வந்தாள். அம்மாவின் துணிப்பையைக் கையில் கொடுத்தாள். "மேடம், வீட்ல வச்சுப் பாக்கறது லேசு இல்ல. கதவு திறந்திருந்தா நடந்துடுவாங்க. அப்புறம் சொல்லலேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

மறுநாள் அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் அப்பாவின் வாய்ச்சாலகத்தைப் பற்றிப் பேசினார்கள், சிரித்தார்கள், நேரமாகிறது என்று கிளம்பினார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், "சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். அங்கே சாப்பாடு எதுவும் இல்லை.

ஓட்டலில் எடுத்த விடுப்பு முடியும் வரை எல்லாம் ஓடியது. அம்மாவைக் குளிப்பாட்டினாள். ராத்திரி எழுந்து திருப்பிப் படுக்க வைத்தாள், தேவையில்லை என்று தெரிந்தும். விரிப்பைச் சொருகவில்லை. அது சுருண்டு தரையில் இழுபட்டது, அவள் அதை மிதித்துக்கொண்டு நடந்தாள்.

வேலைக்குத் திரும்பும்போது பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தினாள். அவள் ஒரு வாரம் இருந்தாள். அடுத்து வந்தவள் பகல் முழுக்க போனில் பேசினாள். அவள் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா ஒற்றைச் செருப்போடு பெரிய தெரு வரை போய்விட்டாள். மருந்துக் கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். "வண்டி ஓடற ரோடும்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்ணும் வேலையை விட்டு நின்றுவிட்டாள். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வந்து அம்மாவுக்கு உரித்து ஊட்டினான். கிளம்பும்போது, "இல்லத்துல அம்மாவோட கட்டில் இன்னும் காலியாத்தான் இருக்காம்" என்றான்.

"சரி" என்றாள் அவள்.

"சரின்னா?"

"கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம்."

திங்கட்கிழமை முதல் தடவையாக வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். மதியம் ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஓடினாள். சாயங்காலம் எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் படிக்கட்டில் மறித்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க பூட்டற சத்தம் கேட்டதும் அம்மா கதவுகிட்ட வந்துடறாங்க. ரொம்ப நேரம் தட்டினாங்க. நான் இந்தப் பக்கம் இருந்து பேசிப் பாத்தேன். எனக்கும் பசங்க வந்துட்டாங்க."

அம்மாவின் வலது உள்ளங்கை வீங்கிச் சிவந்திருந்தது. அவள் அதில் மருந்து தடவினாள். "எங்க இடிச்சுக்கிட்டீங்க?" என்று கேட்டாள். "தெரியலியே" என்றாள் அம்மா.

மறுநாள் ஓட்டல் பராமரிப்பு ஆளிடம் போய் நின்றாள். அவர் அவளைவிட வயதில் பெரியவர், அப்பாவைத் தெரிந்தவர்.

"கொஞ்சம் எண்ணெய் வேணும்ணே. பூட்டுக்குப் போடறது."

"மாட்டிக்குதா?"

"இல்ல. சத்தம் போடுது."

அவர் மூக்கு நீண்ட ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்று அம்மா தூங்கிய பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாவித் துவாரத்தில் இரண்டு சொட்டு, பூட்டின் நாக்கில் ஒரு சொட்டு, கீல்களில் மேலும் கீழும். சாவியைத் திருப்பினாள், எடுத்தாள், மறுபடி திருப்பினாள். வழிந்ததைத் துணியால் துடைத்தாள். விரலை வைத்துப் பார்த்தாள்.

காலையில் பிளாஸ்கில் டீ ஊற்றி வைத்தாள். பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கினாள். அடுப்புக் குழாயை மூடினாள், ஜன்னல் கொக்கிகளைப் பார்த்தாள். கட்டில் விரிப்பு கசங்கிக் கிடந்தது, அப்படியே விட்டாள். ரேடியோவைப் போட்டு, பாட்டு வேண்டாம் என்று திருப்பி, யாரோ ஒரு ஆள் தொடர்ந்து பேசிக்கொண்டே இருக்கிற இடத்தில் நிறுத்தினாள். அம்மா நாற்காலியில் சாய்ந்து அந்தக் குரலைக் கவனமாகக் கேட்டாள், தன்னிடம் பேசுகிற ஒருவருக்கு மரியாதை கொடுப்பது போல, நடுநடுவே தலையாட்டிக்கொண்டு.

அவள் சீருடைக் கோட்டின் பொத்தானைப் போட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தி, சாவியைத் திருப்பினாள். பூட்டு சத்தம் போடவில்லை.